கிளாரினெட்டுக்குக் கட்டிய பல்

1

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, இங்கே லண்டனில் ஒரு பல் மருத்துவமனையின் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து, பல் ஒன்றுகூட இல்லாத வாயால் சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன். அந்த அறையில் என்னைத் தவிரப் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குச் சிரித்தேன் என்று அவர்களுக்கு விளங்கவைக்க முடியாது. மதுரைக்காரர்களுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மகள் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஏழு மாதம் ஆகிறது. வரும்போது பத்தொன்பது பல் இருந்தது. குளிருக்கு ஒன்று, கவலைக்கு ஒன்று என்று உதிர்ந்து, கடைசி நான்கையும் மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். இந்த ஊரில் பல்லைப் பிடுங்க ஒரு படிவம். ஈறு ஆறிவிட்டதா என்று பார்க்க ஒரு படிவம். பல் கட்ட ஒரு படிவம். மூன்றிலும் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயரை எழுதினேன். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு நர்ஸ் வாசலில் நின்றுகொண்டு, வண்டியூரில் காலமாகி நாற்பது வருடமான என் அப்பாவைக் கூப்பிடுகிறாள். நான் எழுந்து போகிறேன்.

மூன்றாவது படிவத்தில் முப்பத்துநான்கு கேள்விகள். சர்க்கரை உண்டா, மயக்கம் வருமா, குடிப்பீர்களா, எம்புட்டுக் குடிப்பீர்கள் என்றெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு, இருபத்தேழாவதாக இப்படி ஒன்று:

“நீங்கள் காற்று வாத்தியம் எதுவும் வாசிப்பவரா? ஆம் எனில், எது?”

அதைப் படித்துத்தான் சிரித்தேன். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாமல் மதுரையில் நாங்கள் ஓர் ஆடி மாதம் முழுக்கப் பட்ட பாடு இருக்கிறதே! கடைசியில் அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தவள் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத ஒரு பெண். இங்கே அதை அச்சடித்து, பேனாவையும் நூலில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

நான் வாத்தியம் வாசிப்பவன் இல்லை. ஆனால் “இல்லை” என்று மட்டும் எழுதக் கை வரவில்லை. ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் ஒன்றரை வரி எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சோணைமுத்துவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

இங்கே லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு அறுநூற்று நாற்பது தப்படி. நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் சங்கிலி இழுத்தவன் நான். நடந்தால் கால் தானாக எண்ணும். நிலையத்துக்குள் இறங்கினால் நீளமான சுரங்கப்பாதை வரும். அதில் தினமும் யாராவது ஒருவர் நின்று வாசிப்பார். ஒரு நாள் வயலின், ஒரு நாள் கிதார், சில நாள் சாக்ஸபோன். போலீஸ்காரர் வந்தால் பெட்டியை மூடுவார்கள். அவர் போனதும் திறப்பார்கள். சுவரில் ஒட்டிய விளம்பரத்தின் ஓரத்தில் சிகரெட் அட்டை ஒன்று செருகியிருக்கும். அதில் பெயர்களும் மணிகளும் எழுதியிருக்கும். ஒருவருக்கு ஒரு மணி நேரம். முந்தியவர் எழுதிக்கொள்ள வேண்டியது. யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

பேத்தி மீனாவுக்கு ஒன்பது வயது. அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது என் வேலை. அவள் எனக்குப் பத்துத் தப்படி முன்னால் நடப்பாள். காரணம் தெரியும். நான் எண்ணிக்கொண்டே வருவேன், அதுவும் வாய்விட்டு, அதுவும் தமிழில். “தாத்தா, இங்க வேணாம்” என்று ஆங்கிலத்தில் சொல்வாள். வீட்டில் கேட்டால் தமிழில் பதில் வரும், சுருக்கமாக. தெருவில் அதுவும் வராது. நான் குற்றம் சொல்லவில்லை. கவலைப்படுகிறேன், அவ்வளவுதான். கவலைப்படுவதற்கென்று ஒரு ஆள் வீட்டில் இருக்க வேண்டாமா?

மதுரையில் அந்தச் சிகரெட் அட்டை கிடையாது. அங்கே காதுதான் அட்டை. ஒருவர் வாசிப்பது இன்னொருவர் காதில் விழாத தூரத்தில் உட்கார வேண்டும். அதுதான் சட்டம். ரயிலடியில் பார்வையில்லாத தம்பதி ஆர்மோனியத்தோடு பாடுவார்கள். டவுன்ஹால் ரோட்டில் ஒருவர் புல்புல்தாரா மீட்டுவார். புல்லாங்குழல் விற்பவர் ஊதிக்கொண்டே நடப்பார், அவருக்கு எல்லை கிடையாது. எழுபதுகளின் நடுவில், சாயங்கால நடையில், இவர்களுக்கு இடையே இருந்த தூரத்தையெல்லாம் தப்படியால் அளந்திருக்கிறேன். புல்புல்தாராவுக்கு எண்பது போதும். ஆர்மோனியத்துக்கு நூற்றைம்பது. கிளாரினெட்டுக்கு இருநூற்றறுபது. கிளாரினெட்டுக்காரர் மட்டும் எல்லோரையும் விட்டு விலகி, மேற்கு மாசி வீதி தாண்டி, மூடிக்கிடந்த ஒரு பாத்திரக் கிட்டங்கியின் படியில் உட்கார்ந்திருப்பார். அவர்தான் சோணைமுத்து.

3

அவருக்கு அப்போது நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சொந்த ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். முகூர்த்த மாதங்களில் ஒரு பேண்டு செட்டில் முதல் கிளாரினெட். சிவப்புக் கோட்டு, தொப்பி, தோளில் ஜரிகை எல்லாம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆடியில் அம்மன் கோயில்களுக்கு நையாண்டி மேளத்தைத்தான் அழைப்பார்கள். அப்போது கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு, வேட்டி துண்டோடு அந்தப் படியில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்த உட்காரலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. வாசிப்பதற்கு முன்னால் வேர்க்கடலை தின்னமாட்டார், துணுக்கு குழலுக்குள் போய்விடும். வெயிலில் கட்டை வெடிக்கும் என்று குழலுக்குக் குடை பிடிப்பார், தன் தலைக்குப் பிடிக்கமாட்டார். உதட்டில் எப்போதும் விளக்கெண்ணெய் மினுங்கும். மழைக்காலத்தில் குழலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுப்பதாக அவர் மனைவி பேச்சியம்மாள் சொல்வாள்: “எனக்குப் போர்வை இல்லைன்னாலும் அதுக்கு உண்டு.”

எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. ஒரு நாள் நின்று கேட்டுவிட்டு, “நேத்துப் பதினொரு பாட்டு வாசிச்சீங்க. இன்னைக்கு ஒன்பதுதான். அதுலயும் ஒன்னு ரெண்டு தடவை வந்துருச்சு” என்றேன்.

அவர் குழலை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணே எந்த ஆபீசு?”

“சர்வே.”

“அதான பாத்தேன். பாட்டுக்கு வரப்புக் கிடையாதுண்ணே. சும்மா கேளுங்க.”

சும்மா கேட்க எனக்கு வராது. ஆனாலும் தினமும் நின்றேன். எந்தப் பாட்டை எடுத்தாலும் முடிக்காமல் விடமாட்டார். மழை வந்தாலும், முன்னால் ஒரு ஆள்கூட நிற்காவிட்டாலும் முடித்துவிட்டுத்தான் எழுவார். பாதியில் நிறுத்தினால் அந்தப் பாட்டு அந்த இடத்திலேயே பசியோடு உட்கார்ந்திருக்கும் என்பார். கூப்பிட்ட இடமாக இருந்தால் இன்னும் கண்டிப்பு. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட இடத்தில் ஒரு முழுப்பாட்டாவது வாசிக்காமல் கிளம்பவே கூடாது.

இன்னொரு சட்டமும் இருந்தது. குழல் பெட்டியை மூன்று இடத்தில்தான் திறக்கலாம்: சொந்த வீடு, சொந்தப் படி, வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட இடம். வேறு எங்கே திறந்தாலும் அடுத்த முகூர்த்தம் தட்டிப்போகும். இந்தச் சட்டம்தான் எங்களைப் பாடாய்ப்படுத்தியது.

4

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம். சோணைமுத்துவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் பழக்கம் உண்டு. நடக்கும்போதும் மூடிக்கொள்வார். முன்னால் பெரிய டிரம்காரர் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு மாடு படுத்துக்கொள்ள, டிரம்காரர் நின்றுவிட்டார். சோணைமுத்து நிற்கவில்லை. குழலின் அடிமுனை டிரம்மில் போய் முட்டியது. மேல்முனை வாய்க்குள்தானே இருக்கிறது? மேல்வரிசை முன்பல் இரண்டும் போய்விட்டன.

மாடு எழுந்து போயிற்று. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. இவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கிளாரினெட்டை மேல்பல்லில் தாங்கிப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பல் இல்லாவிட்டால் குழல் வாயில் நிலைகொள்ளாது, ஆடும். நாயனக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். அவருக்கு மொத்தமே ஆறு பல். “எங்களுக்கு உதடு போதும் மாப்ள. நீ வெள்ளைக்காரன் குழலப் பிடிச்ச, அது பல்லக் கேக்குது” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அது ஆறுதலா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

பேண்டு மாஸ்டரும் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தொழில் நடத்த வேண்டுமே. “சோணை, ஆவணி முதல் முகூர்த்தம் வரைக்கும் பாப்பேன். வாசிச்சா நீதான் முன்னால. முடியலைன்னா ஒன்னைய விடமாட்டேன், கிலுக்கட்டையக் குலுக்கு. கோட்டு அதே கோட்டுதான்” என்றார்.

பேண்டு செட்டில் கிலுக்கட்டை குலுக்குகிறவர் யார் தெரியுமா? மாஸ்டரின் மச்சினன், வேறு எதுவும் வராதவர். பதினெட்டு வருடமாக முன்வரிசையில் நடந்த சோணைமுத்து, அவரோடு பின்வரிசையில் நின்று குலுக்க வேண்டும். மாஸ்டர் போனதும் சோணைமுத்து குழல் பெட்டியைச் சிவப்புத் துணியால் கட்டிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அன்றைக்கு ஆடி ஒன்று. பஞ்சாங்கம் பார்த்தேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முப்பத்தேழு நாள் இருந்தது. என் தூக்கம் போயிற்று.

5

தெற்கு மாசி வீதிப் பக்கம் சுப்பராமன் என்பவர் பல் கட்டும் கடை வைத்திருந்தார். சௌராஷ்டிரக்காரர். அவர் தகப்பனார் காலம்வரை தறி. இவர்தான் முதலில் பல்லுக்கு வந்தவர். வாசலில் ஒரு பலகை. அதில் உதடு இல்லாமல் சிரிக்கும் ஒரு பல்வரிசை. கடைக்குள் நாற்காலி ஒன்று, அடுப்பு ஒன்று, அரங்கள் பதினான்கு. சோணைமுத்துவை நான்தான் கூட்டிப்போனேன்.

சுப்பராமன் மெழுகைச் சூடாக்கி வாய்க்குள் அழுத்தி, “கடிங்க... விடுங்க... கடிங்க” என்று அளவெடுத்தார். ஐந்தாம் நாள் பல் வந்தது. எவ்வளவு அழகு என்கிறீர்கள்! முறுக்கு ஒன்றைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். கடித்தார். கரும்பைக் கொடுத்தார். உரித்தார். “இனி இரும்பக் குடுத்தாலும் கடிப்பீங்க” என்றார் சுப்பராமன்.

அன்று மாலை சோணைமுத்து வீட்டில் கூட்டம். நான், என் மனைவி தனம், அக்கம்பக்கத்தார், எல்லாமாகப் பதினாறு பேர். பேச்சியம்மாள் கேசரி கிண்டியிருந்தாள். சிவப்புத் துணி அவிழ்ந்தது. சோணைமுத்து கண்ணை மூடி, குழலை வாயில் வைத்து, மூச்சை இழுத்து ஊதினார். முதல் சுரம் வந்தது. இரண்டாவது சுரம் வந்தது. மூன்றாவதற்குக் குழலோடு பல்லும் வெளியே வந்துவிட்டது. குழலின் வாயில் இரண்டு பல்லும் ஒட்டிக்கொண்டு நிற்க, குழலே எங்களைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

பதினாறு பேரும் சிரித்தோம். அதில் நானும் உண்டு. இன்றுவரை அதற்கு வருத்தப்படுகிறேன். அவர் பல்லை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். கேசரியை யாரும் தொடவில்லை.

இரண்டாவது தடவை கட்டினார் சுப்பராமன். அது விழவில்லை, விசிலடித்தது. மூன்றாவது கட்டியதில் குழல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆடி பத்தொன்பது ஆகிவிட்டது. மூன்றாவதைத் திருப்பிக் கொண்டுபோனபோது பேச்சியம்மாளும் வந்தாள். சுப்பராமனுக்குப் பொறுமை போய்விட்டது.

“நான் கட்டின பல்லு முறுக்குக் கடிக்கும், கறி கடிக்கும். குழல் கடிக்கும்னு நான் சொன்னேனா?”

பேச்சியம்மாள் சுவரில் தொங்கிய அரங்களையும், மெழுகையும், நாற்காலியையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ஏங்க, நீங்க இவரு வாயில என்னத்த வச்சு அளவெடுத்தீக?”

“மெழுகுதான்.”

“மெழுகையா இவரு ஊதப்போறாரு? இந்த வாயி சோத்துக்கா இருக்கு? சோறு எப்பயாச்சும் போகும். நாள் முழுக்க இதுல இருக்கிறது குழலு. அத வாயில வச்சுல்ல அளவெடுக்கணும்?”

 சுப்பராமன் என்னைப் பார்த்தார். நான் அரங்களை எண்ணுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அளவெடுப்பதற்கே சம்பளம் வாங்கிய எனக்கு இது தோன்றவில்லையே!

6

ஆனால் சோணைமுத்து குழலைக் கடைக்குக் கொண்டுவர மாட்டேன் என்றுவிட்டார். வீடில்லை, படியில்லை, கூப்பிட்ட இடமும் இல்லை. திறந்தால் ஆவணி போச்சு.

“திறக்காட்டி மட்டும் ஆவணி வருதாக்கும்?” என்றாள் பேச்சியம்மாள்.

“வந்தாலும் போனாலும் சட்டம் சட்டம்தான்.”

“சட்டத்துல வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டா வரலாம்ல?” அவள் சுப்பராமன் பக்கம் திரும்பினாள். “நீங்க கூப்புடுங்க.”

“யாரு, நானா? பல்லு கட்டிக்க வர்ற ஆளுக்கு நான் வெத்தல பாக்கு வைக்கவா? எங்க வீட்டுல கேட்டாச் சிரிப்பாங்க.”

“மூனு தடவை தப்பாக் கட்டினதுக்கு ஊரே சிரிக்குது. இதுக்கும் சேத்துச் சிரிச்சுட்டுப் போகட்டும்.”

சுப்பராமன் முணுமுணுத்துக்கொண்டே தெருமுனைக்குப் போய், ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் வாங்கி வந்தார். தட்டு இல்லாததால் பல் அச்சு வைக்கும் பீங்கான் தட்டில் வைத்து நீட்டினார். “நாளைக் காலையில பத்து மணிக்கு, நம்ம கடையில வந்து வாசிக்கணும்.” சோணைமுத்து எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையான கச்சேரிக்கு அழைப்பது போலவே இருந்தது.

மறுநாள் தொடங்கிய வேலை ஒன்பது நாள் நடந்தது. ஊதுவார். சுப்பராமன் காதைக் குழலருகே கொண்டுபோவார். நிறுத்தச் சொல்லி, பல்லைக் கழற்றி, அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி மாட்டுவார். ஊதுவார். சுப்பராமனுக்குச் சங்கீதம் தெரியாது. சரிகம எத்தனை எழுத்து என்று கேட்டால்கூட யோசிப்பார். ஆனால் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்தது. “மேல போறப்ப இடது பக்கம் ஒழுகுது” என்பார். அரம் இரண்டு இழுப்பு இழுக்கும். அடுத்த சுரம் பிறக்கும். தெருவில் ஆள் நிற்க ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வந்தார். பல்வலி என்று வந்தவர்கள் வலியை மறந்து வரிசையில் நின்றார்கள். “இன்னைக்கு எம்புட்டுத் தூரம் ஏறுச்சு?” என்று எதிர்க்கடைக்காரர் என்னைக் கேட்பார். “ஒன்பது சுரம்” என்பேன். மறுநாள் பதினொன்று. கழற்றி மாட்டியது மொத்தம் எண்பத்துநான்கு தடவை. அரங்களில் இரண்டு தேய்ந்துபோயின.

ஒன்பதாம் நாள் கீழிருந்து மேலே ஒரே மூச்சில் ஏறி, அதே மூச்சில் இறங்கினார். பல் அசையவில்லை. பேச்சியம்மாள் முந்தானையால் குழலைத் துடைத்தாள், பிறகு அவர் வாயைத் துடைத்தாள். வரிசை மாறாமல்.

“ஒரு பாட்டு வாசிங்க சோணை” என்றார் சுப்பராமன். சோணைமுத்து வாயைத் தொட்டுக் காட்டினார். ஈறு புண்ணாகி ரத்தம் கசிந்தது. “பாக்கி இருக்கட்டும்ணே” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

7

ஆவணி முதல் முகூர்த்தம். மாலை ஆறரை மணி. நான் சுப்பராமன் கடைப்படியில் நின்றிருந்தேன். ஊர்வலம் தெருமுனையில் திரும்பியது.  முதலில் யார் முன்னால் வருகிறார் என்று பார்த்தேன். சிவப்புக் கோட்டு, ஜரிகை, கையில் குழல். சோணைமுத்துதான்! இந்தத் தடவை இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. டிரம்காரரை அவருக்குப் பின்னால் மாற்றியிருந்தார்கள்.

கடைக்கு நேராக வந்ததும் சோணைமுத்து கையைத் தூக்கினார். பேண்டு செட் மொத்தமும் நின்றது. அதற்குப் பின்னால் மாப்பிள்ளை கார் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் நின்றது.

“என்னப்பா, மாடா?” என்று யாரோ கத்தினார்கள்.

“மாடு இல்லண்ணே, பாக்கி” என்றார் சோணைமுத்து. “இந்தக் கடையில வெத்தல பாக்கு வாங்கிட்டு ஒரு முழுப்பாட்டு வாசிக்காமப் போயிட்டேன்.”

கடையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு வாசித்தார். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டிக் குதித்தார். மாஸ்டர் அவரைக் கையமர்த்தினார். மாப்பிள்ளை காரிலிருந்து தலையை நீட்டி, “வாசிக்கட்டும் மாமா” என்றான். பஸ் கண்டக்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். ஏழு நிமிடம். பேச்சியம்மாள் கூட்டத்தில் நின்று, பாட்டைவிட அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மூடுகிறதா என்று.

பாட்டு முடிந்தது. ஊர்வலமே சுப்பராமனைப் பார்த்தது. அவர் கையில் அரத்தோடு படியிறங்கி வந்து, சோணைமுத்துவின் முகத்தைத் திருப்பி, வாயை ஒரு தடவை உற்றுப் பார்த்தார்.

“கடைசியில எறங்குறப்ப வலது பக்கம் இத்துணூண்டு ஒழுகுது” என்றார். “நாளைக்கு வாங்க.”

8

இனி அந்த ஒன்றரை வரி. இருபத்தேழாவது கேள்விக்கு நான் ஆங்கிலத்தில் எழுதியது இதுதான்: “வாத்தியம் எதுவும் இல்லை. இந்த வாய் நாள் முழுக்கத் தமிழில் எண்ணும். தயவுசெய்து அதற்கு அளவெடுக்கவும்.”

வீட்டில் சொன்னதும் தனம் தலையிலடித்துக்கொண்டாள். “பல்லில்லாமலே இம்புட்டுப் பேச்சு. இதுல பேசுறதுக்குன்னு தனியா ஒரு பல்லா? அந்த டாக்டர் நம்மள ஊருக்கே அனுப்பிவைக்கப் போறாரு.” அப்படி நடந்துவிடுமோ என்று எனக்கும் இரண்டு வாரம் கவலை.

நேற்றுப் பல் வந்தது. பள்ளி விடுமுறை என்பதால் மீனாவும் கூட வந்தாள். நர்ஸ் என் அப்பாவைக் கூப்பிட்டாள், போனோம். டாக்டர் முப்பது வயதுப் பையன். என் படிவத்தைக் கையில் வைத்திருந்தார். பல்லை மாட்டிவிட்டு, “எண்ணுங்கள்” என்றார். நான் மீனாவைப் பார்த்தேன். பத்துத் தப்படி முன்னால் நடக்கிறவள், இங்கே ஓடுவதற்கு வழியில்லாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கினேன். டாக்டருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. குனிந்து, கண்ணைச் சுருக்கிக் கேட்டார். சுப்பராமன் இப்படித்தான் கேட்பார். இருபது தாண்டினேன். முப்பது தாண்டினேன். நாற்பதில் நிறுத்தி, “எப்படி இருக்கிறது?” என்று என்னைக் கேட்டார். எனக்கு நன்றாகத்தான் பட்டது. தலையாட்டப் போனேன்.

“சரியில்ல” என்றாள் மீனா தமிழில். அப்புறம் டாக்டரிடம் திரும்பி ஆங்கிலத்தில், “பத்து வரும்போதெல்லாம் வேறு யாரோ ஒரு தாத்தா பேசுவது மாதிரி இருக்கிறது” என்றாள்.

டாக்டர் பத்து என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். கேட்டார். பல்லைக் கழற்றி உள்பக்கம் தேய்த்தார். மாட்டினார். பத்து. மீனா உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி தேய்த்தார். ஆறு தடவை கழற்றி மாட்டினார். ஆறாவது பத்துக்கு மீனா கட்டைவிரலைத் தூக்கினாள். “மறுபடி முழுதாக எண்ணுங்கள்” என்றார் டாக்டர். அறுபத்துமூன்று வரை போனேன். போதும் என்று சிரித்துக்கொண்டே கைகொடுத்தார். வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்தோம். எனக்கு மனம் கேட்கவில்லை. மீனாவிடம், “பாதியில விட்டுட்டு வந்துட்டேன். கூப்பிட்ட இடத்துல முடிக்காம வரக்கூடாது” என்றேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். எங்களோடு சேர்த்து ஏழு பேர் நின்றிருந்தார்கள். பெருமூச்சு விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அறுபத்தி நாலு” என்றாள், சத்தமாக.

பேருந்து வருவதற்குள் நூறு முடித்துவிட்டோம்.